உரிமம் முடிந்த குரல்

“கண்ணு தெரியாத பொம்பளைய ஏம்மா அழ வைக்கிற? அந்த சிடியைப் போட்டு வுட்டாத்தான் இன்னா, கொறைஞ்சா பூடுவ?”

பேப்பர் படிக்க வரும் தருமன் சார் நூலகமே அதிரக் கத்தினார்.

நூலகர் சந்திரகலா மேடம் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். ‘உரிமக் காலம் முடிந்தது’ என்று மட்டும் இருந்தது.

“ஒரு வருஷ லைசென்ஸ் சார். நேத்தோட முடிஞ்சுபோச்சு. இனிமே சிடி ஓடாது. வேற வழியில காப்பி எடுத்தா கேஸு போடுவாங்க.”

அந்த சிடியில் ஒரு நாவலை முழுசாக வாசித்திருப்பவன் மாறன். எதிரில் உட்கார்ந்திருந்த கன்னியம்மாளின் ஒரே மகன். மெட்ராஸ் கம்பெனி கொடுத்த ரெக்கார்டரை வைத்துக்கொண்டு வீட்டிலேயே படித்து அனுப்பினான். அடுத்த மாதமே கீழ்பென்னாத்தூர் ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டான். கம்பெனிக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்து, ரெக்கார்டரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அம்மாவுக்கு மிச்சம் இந்த சிடிதான். அடி அண்ணாமலையிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் வருவார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மகனைக் கேட்டுவிட்டுப் போவார்.

மேடம் கம்பெனிக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

“அந்தப் புக்கோட உரிமை வேற கம்பெனிக்குப் போயிடுச்சு மேடம். லைப்ரரிக்குக் கொடுக்க இனி எங்களுக்கே உரிமை இல்ல.”

“அது இவங்க பையன் குரலுங்க.”

“இருக்கலாம். அதுக்குத்தான் பணம் கொடுத்துட்டோமே!”

கன்னியம்மாள் சிடியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். “இதுக்குள்ளதானே இருக்கான்?”

சிடியை மேஜையில் வைத்துவிட்டு அவர் எழுந்து போனார்.

மூலையில் படக்கதை புரட்டிக்கொண்டிருந்த எனக்கு நாக்கு சும்மா இருக்காது. “அதுக்குத்தான் பணம் கொடுத்துட்டோமே!” என்று கம்பெனிக்காரனைப் போல மூக்கால் பேசினேன். “கொறைஞ்சா பூடுவ?” என்று தருமன் சார் மாதிரி அவர் எதிரிலேயே பேசிக் காட்டினேன். அதே வேகத்தில், எப்போதோ சிடியில் கொஞ்சம் கேட்டிருந்த மாறனின் குரலில், “முதல் அத்தியாயம்” என்றேன்.

வழக்கமாக, “செழியா, வெளிய போடா!” என்று துரத்தும் மேடம், அன்றைக்குத் துரத்தவில்லை. அலமாரியிலிருந்து அதே நாவலின் அச்சுப் புத்தகத்தை எடுத்து வந்தார்.

“இதுக்குக் கெடு தேதி கிடையாது. முழுசும் அதே குரல்ல படிப்பியா?”

“அந்தம்மாவை ஏமாத்தவா மேடம்?”

“ஆமா.”

மறுநாள், “லைசென்ஸ் கொடுத்துட்டாங்கம்மா, உக்காருங்க” என்று மேடம் கூசாமல் சொன்னார். நான் பீரோவுக்குப் பின்னால் மைக்கோடு உட்கார்ந்திருந்தேன். நான் பேசினால் ஹெட்போனில் கேட்கும்.

என் வாழ்க்கையில் அதுவரை செய்ததிலேயே பெரிய குறும்பு அதுதான். மாறன் மூச்சு வாங்குவதைக்கூட விடாமல் போட்டேன். கன்னியம்மாள் மடியில் கை வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார். தருமன் சார் பேப்பரைப் புரட்டவே பயந்தார்.

தினமும் வந்தார். தினமும் ஏமாந்தார். எனக்கு ஒரே குஷி.

பௌர்ணமி அன்றைக்கு ஆட்டோ ஓடவில்லை. வரமாட்டார் என்று நினைத்தோம். கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தே வந்து சேர்ந்தார். காலெல்லாம் புழுதி.

“எதுருல வராத கெழவின்னு திட்டறாங்க” என்று சிரித்தார்.

அன்றைக்குக் கடைசி அத்தியாயம். தொண்டை கரகரத்தாலும் விடாமல் படித்து முடித்தேன்.

“நாளைக்குத் திரும்பவும் முதல்லேர்ந்து போடறேம்மா” என்றார் மேடம்.

கன்னியம்மாள் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

“வேணாம்மா. பீரோ பின்னாடி இருக்கிற புள்ளைக்குத் தொண்ட கட்டிக்கிச்சு.”

என் கையிலிருந்த மைக் கீழே விழுந்தது.

“குரல் அச்சு அசலா அவனேதான். நானே ஏமாந்தேன். கதையில காட்டுல வழி தெரியாம நிப்பாங்களே, அந்த இடம் வந்தப்பதான் தெரிஞ்சுது. சிடியில அந்த இடத்துல நான் அடுப்பாண்ட இருந்து, ‘மாறா, சோறு ஆறுதுடா’ன்னு கத்துவேன். அவன் படிக்கிறத வுட்டுட்டு, ‘வந்துட்டேம்மா’ம்பான். கம்பெனிக்காரன் அத வெட்டாம வுட்டுட்டான். அதக் கேக்கத்தான் தெனமும் வருவேன். புஸ்தகத்துல அது இருக்காதே, புள்ள இன்னா பண்ணும்?”

நான் பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

“டேய் செழியா, அதச் சொல்லிடுடா” என்றார் தருமன் சார். அவர் குரலே அவருடையதாக இல்லை.

நான் வாயைத் திறந்தேன். மாறனின் குரல் தயாராக இருந்தது. கன்னியம்மாள் என் பக்கம் கையைக் காட்டித் தடுத்தார்.

“வேணாம் ராசா. அது அவனோடவே போவட்டும்.”

தடியைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தார். மேடம் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். 

“அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல? அப்புறமும் ஏம்மா தினமும் வந்தீங்க? இன்னைக்கு இவ்ளோ தூரம் நடந்து வேற...”

“எனக்காக ரெண்டு பேரு இம்மாம் பாடுபட்டு பொய் சொல்றீங்க. பாதியில நான் வராம நின்னுட்டா, உங்க மனசு ஒடஞ்சு பூடாதா?”