மாப்பிள்ளையின் கிராப்பு

கோயமுத்தூர் சலூனில் உட்கார்ந்ததும் திருமூர்த்தி கடைக்காரரிடம் கெஞ்சினான்.

"யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. நாளைக்கு எனக்குக் கல்யாணமுங்க. இங்க வந்தது எங்க ஊரு நாவிதன் வேலனுக்குத் தெரிஞ்சா, மங்கல வாழ்த்துப் பாடமாட்டானுங்க!"

கவுண்டர் வீடுகளில் நாவிதர் அந்த வாழ்த்தைப் பாடாமல் கல்யாணம் நிறைவேறாது.

"அவரே வெட்டுனா என்னங்க?"

"வெள்ளாடு மேஞ்சாப்ல இருக்குமுங்க!"

கடைக்காரர் சிரித்தார். சீப்பால் முடியைத் தூக்கி, சீப்புக்கு மேலே நீண்டதை மட்டும் கத்தரித்தார். அதனால் முடியில் எங்கும் படிக்கட்டுபோல மேடுபள்ளம் விழவில்லை.

பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு இருந்தவர் துடைத்துக்கொண்டு திரும்பினார். வேலன்!

"நாளைக்குச் சபையில நின்னு பாடணுமேன்னு நானும் நல்ல கடையாத் தேடி வந்தனுங்க. ஊர்ல சொல்லிப்போடாதீங்க சின்னக் கவுண்டரே! தெரிஞ்சா, அப்புறம் எங்கிட்ட யாருங்க தலையக் குடுப்பாங்க?"