எதிர்வாசல் சப்பாத்து

படியேறி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வாசலில் அவருடைய சப்பாத்துகளைக் காணவில்லை.

காலையில் வேலைக்குப் போகும்போது இருந்தன. வலது கால் சப்பாத்தின் முனையில் சேறு. அவர் கடைசியாக வெளியே போய்வந்த அன்றைய மழைச் சேறு. அதைத் துடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

யார் எடுத்தது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. எதிர்வீட்டு லாங்கே அம்மாதான். ஒழுங்கு, ஒழுங்கு என்று உயிரை விடுகிற ஜெர்மன் கிழவி. ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆணி அடித்தால் போதும், வந்து நிற்பாள்.

போன கிழமைதான் கேட்டாள், செத்தவரின் சப்பாத்து இன்னும் எதற்கு வாசலில் என்று.

தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் இவள் சொன்னாள்:

“எங்கட ஆக்களிட்ட, சப்பாத்து வெளியில இருந்தா ஆள் வீட்டுக்குள்ள இருக்கிறார் எண்டு அர்த்தம்.”

கிழவி கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது வீட்டுக்குள் ஆள் இல்லை.

எதிர்க்கதவைத் தட்டக் கை போனது. அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. நாசமாய்ப் போவாள் என்று திட்டியபடியே படுத்தாள்.

விடிந்ததும் கதவைத் திறந்தாள்.

இருந்த இடத்திலேயே இருந்தன.

சேறு இல்லை. கறுப்பு மினுங்கியது, கலியாணத்தன்று மினுங்கியது போல. உள்ளே சின்னத் தோடம்பழங்கள், வால்நட், பொன் தாள் சுற்றிய சொக்கலேட்.

டிசம்பர் ஆறு!

நிக்கலாஸ் நாள் அல்லவா. மகள் சிறுபிள்ளையாக இருந்தபோது முதல்நாள் மாலையே சப்பாத்தைத் தேய் தேய் என்று தேய்ப்பாள். துடைத்து மினுக்கி வாசலில் வைத்த சப்பாத்தில்தான் நிக்கலாஸ் ஐயா இரவில் வந்து பண்டம் போடுவாராம். வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு.

கடவுளே!

நிமிர்ந்தபோதுதான் எதிர்வாசலைக் கண்டாள். ஒருநாளும் ஒரு தூசிகூட இருக்காத வாசல் அது.

அங்கே பெரிய ஆண் சப்பாத்துகள் ஒரு சோடி. பழையவை. அவையும் மினுங்கின. லாங்கே அம்மாவின் புருஷனை அவள் கண்டதேயில்லை. இவர்கள் இந்த வீட்டுக்குக் குடிவர முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

குனிந்து உள்ளே பார்த்தாள். வெறுமையாக இருந்தன.

குசினிக்கு ஓடினாள். ஊரிலிருந்து வந்த பனங்கட்டியை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தாள்.

சத்தமில்லாமல், மெல்ல மெல்லக் கால்வைத்து நடந்தாள்.

உள்ளே இரண்டு பேரும் நித்திரையாக இருப்பார்கள்.