தினமும் தோற்கிறவர்

அன்றைக்கும் திருமால் தோற்றுப்போனார்.

"யப்பா, அண்ணனை ஜெயிச்சிட்டேன்டா!" என்று செராமிக் கம்பெனிப் பையன் ஒருத்தன் ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு குதித்தான். பந்தைக் குச்சியால் குழியில் தள்ளுகிற பூல் ஆட்டம் நடக்கும் அந்த ஹாலே சிரித்தது. திருமாலும் கூடச் சேர்ந்து சிரித்தார். வெட்கமாவது ஒன்றாவது!

தோற்றவர்தான் டேபிள் காசு கட்ட வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். கல்லாவில் உட்கார்ந்திருந்த பானுமதியிடம் வந்து காசைக் கட்டிவிட்டு, கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

பானுமதிக்குப் பொறுக்கவில்லை.

பக்கத்து மங்களூர் கிராமத்தில் தன் பங்கு நிலத்தை விற்று, விருத்தாசலத்தில் பழைய பீங்கான் குடோன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பன்னிரண்டு டேபிள் போட்டு ஹால் நடத்துகிறவள் அவள். "பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கோலி வெளையாட்டு?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தபோது, "நடத்திக் காட்டுறேன், பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள். பந்தயம் கூடாது, சிகரெட் கூடாது, குடித்துவிட்டு வரக் கூடாது. இதிலெல்லாம் ஒரே பிடிவாதம். அப்படியும் ஹால் நிறைந்துதான் இருந்தது.

ஆனால் இந்த மனுஷன் தினமும் வந்து தினமும் தோற்றால்? பந்தயத்தை வாசலில் நிறுத்திவிட்டு இதை உள்ளே விட்டால் என்ன நியாயம்?

மறுநாள் அவரை வாசலிலேயே மடக்கினாள்.

"அண்ணே, வூட்ல புள்ளகுட்டி இருக்குதா?"

"ரெண்டு பொண்ணும்மா."

"அப்ப அந்தக் காசுக்கு அதுங்களுக்கு எதாவது வாங்கிட்டுப் போங்க. ஒங்களுக்கு இந்த ஆட்டம் வராதுண்ணே. தப்பா நெனைக்காதீங்க. இனிமே இங்க வர வேணாம்."

திருமால் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம், "சரிம்மா, போயிட்டு வரேன்" என்று திரும்பி நடந்தார்.

"வர்ற கஸ்டமரை வெரட்டுறியேக்கா!" கூட இருந்து ஹாலைப் பார்த்துக்கொள்ளும் தம்பி பாரி தலையில் அடித்துக்கொண்டான்.

"ஒரு குடும்பத்து வயித்துல அடிச்சித்தான் ஹால் ஓடணும்னா, அது எனக்கு வேணாம்டா."

சொன்னபோது பானுமதிக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை ரெண்டு மாசம் தாங்கவில்லை. ஹால் காற்று வாங்க ஆரம்பித்தது. பாதி டேபிளுக்குப் போர்த்திய துணியை எடுக்கவே வேலையில்லை. வாடகையும் கரண்ட் பில்லும் மட்டும் மாசம் பிறந்தால் டாணென்று வந்து நின்றன. சேத்தியாத்தோப்புக்காரர் ஒருத்தர், டேபிளையெல்லாம் பாதி விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பினார்.

"குடுத்துடலாம்க்கா. சின்னக் கடைன்னா நாலு பேரு வந்தா போதும். இம்மாம் பெரிய ஹாலுக்கு ஊரே வரணும்."

"குடுக்க மாட்டேன். ஏன் வரல, அதைச் சொல்லு."

"எப்படி வருவானுங்க? புதுசா ஆடுறவன் தோக்குறான், காசு கட்டுறான். மறுநாளும் தோக்குறான், கட்டுறான். அப்புறம் எந்தக் கேணையன் வருவான்? கெட்டிக்காரனுங்க நாலஞ்சி பேருதான் மிச்சம். அவனுங்களும் ஜெயிக்க ஆளில்லாம கொட்டாவி வுடுறானுங்க."

"முன்னாடியும் இதே வழக்கம்தானடா?"

"முன்னாடி திருமால் அண்ணன் இருந்தாரே! எவன் தோத்துட்டு மூஞ்சியத் தொங்கப்போட்டாலும், 'வாடா தம்பி, என்கூட ஒரு கேம் போடு'ன்னு கூப்புடுவாரு. அவரை ஜெயிச்சிட்டுக் குஷியா வூட்டுக்குப் போவான். மறுநாள் தானா வந்து நிப்பான்."

பானுமதிக்குச் சுருக்கென்றது. கல்லாவில் உட்கார்ந்து காசைப் பார்த்தோமே தவிர, ஒரு நாளாவது ஆட்டத்தைப் பார்த்தோமா? தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்பட்டு உட்கார்ந்திருந்தால் ஆச்சா? பாரியின் பைக்கை வாங்கிக்கொண்டு அப்போதே கருவேப்பிலங்குறிச்சிக்குக் கிளம்பிவிட்டாள்.

ஒழுகும் கூரையையும் பசித்த பிள்ளைகளையும் எதிர்பார்த்துத்தான் போனாள். போனால், திருமால் சொந்த மாவு மில்லில் நின்றுகொண்டிருந்தார். தலையெல்லாம் மாவு.

"கூட்டிக்கிட்டுப் போம்மா, புண்ணியமாப் போவும்!" என்று அவர் பொண்டாட்டி கும்பிடாத குறை. "சாயங்காலமானா இந்த மனுஷன் வூட்டுக்கும் வாசலுக்கும் நடந்தே என்னைக் கொல்றாரு."

கையோடு அழைத்து வந்துவிட்டாள். ஹாலில் பாரியைத் தவிர ஈ காக்கா இல்லை.

"தெரியாம வெரட்டிட்டேன், மன்னிச்சிடுங்கண்ணே. இனிமே நீங்க காசே கட்ட வேணாம். வந்து ஆடுனா போதும்."

"காசு கட்டலன்னா பசங்களுக்கு ஜெயிச்ச மாதிரியே இருக்காதும்மா" என்று சொல்லிக்கொண்டே திருமால் ஸ்டிக்கை எடுத்தார். குனிந்தார்.

ஒரு பந்து குழிக்குள் போனது. அடுத்தது போனது. மூலையில் ஒட்டிக் கிடந்த பந்தும் சொன்ன பேச்சுக் கேட்டு உருண்டு போனது. நடுவில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை மனுஷன். டேபிளில் ஒரு பந்து மிச்சமில்லை. பாரி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"அண்ணே! இவ்ளோ ஆட்டத்தை வச்சிக்கிட்டா தினமும் தோத்தீங்க?" என்றாள் பானுமதி.

"ஜங்ஷன் ரோட்டுல எனக்கும் ஒரு பூல் கடை இருந்துச்சும்மா. அதை மூடிட்டு வந்து பாத்தா, முன்னாடி அங்க ஆடுன பசங்க பூரா ஒயின்ஷாப் வாசல்ல நிக்கிறானுங்க. அதைப் பாத்ததுலேருந்து எனக்கு மனசே ஆறல."

"ஏண்ணே மூடுனீங்க?"

திருமால் ஸ்டிக்கை ஸ்டாண்டில் மாட்டினார்.

"அங்க நான் ஒருத்தங்கிட்டயும் தோத்ததே இல்லம்மா."