பத்தரை மணிப் பதிவு

திருவாரூர் கடைத்தெரு மாடியில், கோப்பில் யார் எதை மாற்றினாலும் பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளைச் சொல்லித் தருகிறார் ராமச்சந்திரன் சார். பிற்பகல் வெயில் திரைமேல் சாய்ந்து விழுகிறது, மின்விசிறி கடகடக்கிறது. பயிற்சிக்காக எழிலரசி தன் ஊரில் எந்த வயலை யார் சாகுபடி செய்கிறார்கள் என்று நேற்று எழுதிவைத்தாள். அதில் அப்பா பெயர் இருந்த வரியை இன்று காணோம். சார் பேனா முனையால் திரையைத் தட்டுகிறார். "காலையில பத்தரைக்கு நீங்கதாம்மா அழிச்சிருக்கீங்க." "பத்தரைக்கு நான் பஸ்ஸே ஏறலீங்க சார்." முதல் நாள் அவள் கொடுத்த பெயர் இந்தக் கணினியிலேயே கிடக்கிறது, காலை வகுப்பில் யார் வந்து உட்கார்ந்து எதைச் செய்தாலும் அவள் செய்ததாகத்தான் பதியும். சார் சிரிக்கிறார். "பேரு உங்களுதுதானே?" அப்பாவின் குத்தகை வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீலும் இப்படித்தான் சிரித்தார், நிலத்தை விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்த தாளை அப்பாவிடம் நீட்டி, "கைநாட்டு உங்களுதுதானே?" என்றார். அப்பா தலையாட்டினார். எழிலரசி ஆட்டவில்லை. வெயிலை மறைத்துக்கொண்டு நிற்கும் சாரை அண்ணாந்து பார்க்கிறாள். "காலையில இந்த எடத்துல யாரு சார் உட்கார்ந்தது?"