வளைந்த தண்ணீர்

"தண்ணி வளையலைன்னா என் புரமோஷன் காலி. புரிஞ்சுதா?"

கெமிஸ்ட்ரி வாத்தியார் மேசைக்கு அடியில் குனிந்து கேட்டார். பசங்க அவருக்கு வைத்த பெயர் எலக்ட்ரான் சார்.

"புரிஞ்சுது சார்," உள்ளே சுருண்டு உட்கார்ந்திருந்த லேப் அட்டெண்டர் முனகினார். "ஆனா நேத்து தானாத்தானே வளைஞ்சுது?"

"நேத்து வெயில்யா. இன்னிக்கு மழை. ஈரக்காத்துல சீப்புல மின்சாரம் நிக்காது. நான் செருமினா நூலை இழு, போதும்."

மேசைமேல் தண்ணீர் விழும் ரப்பர் குழாயின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத நைலான் நூல். மறுமுனை அட்டெண்டர் கையில்.

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குச் சிரிக்கவே தெரியாது என்று டிபார்ட்மென்ட் முழுக்கப் பேச்சு.

சார் ஆரம்பித்தார்.

"தண்ணியில ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரானைக் கூட்டா வச்சிருக்கு. ஆனா ஆக்சிஜன் பெரிய இழுவைக்காரன். தன் பக்கமே இழுத்துக்குவான். அதனால அவன் பக்கம் மைனஸ், ஹைட்ரஜன் பக்கம் பிளஸ். சீப்பைத் தலையில தேச்சுக் கிட்ட கொண்டு போனா, தண்ணி தானா ஓடி வரும். அறிவியல் பொய்யே சொல்லாது, பாருங்க!"

சீப்பை நீட்டினார். செருமினார்.

தண்ணீர் நாணிக் கோணி வளைந்தது. ஒரே கைதட்டல்.

"நான் ஒரு தரம் செய்யட்டுமா?"

அம்மா எழுந்து வந்து சீப்பை வாங்கினார். குழாய்க்கு மறுபக்கம் நின்று நீட்டினார்.

சாருக்குத் தொண்டை கரகரத்தது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. செருமிவிட்டார்.

தண்ணீர் சீப்பைக் கண்டு மிரண்ட மாதிரி எதிர்ப்பக்கம் ஓடியது.

சார் மனசுக்குள் கணக்குப் போட்டார். புரமோஷன் போகட்டும், வேலையாவது மிஞ்சுமா?

அம்மா தண்ணீரைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். பேனாவை எடுத்து, 'செய்முறை விளக்கம் மிகச் சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

வாசல்வரை பின்னாலேயே ஓடிய சார் மென்று விழுங்கினார்.

"மேடம்... அது வந்து... மன்னிச்சிடுங்க..."

"மொதல்ல அவரை வெளியே வரச் சொல்லுங்க. கால் மரத்துப் போயிருக்கும்," என்ற அம்மா, குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தார்.

"நான் டீச்சரா இருந்தப்பவும் மழைநாள்லதான் இன்ஸ்பெக்ஷன் வந்துச்சு. அன்னிக்கு என் மேசைக்கு அடியில நூல் இழுத்த வாத்தியார்தான், இன்னிக்கு நம்ம டைரக்டர்!"