பெண்டாட்டி பார்க்கிற தொடர்

பட்டறையில் சாப்பாட்டு நேரம். காற்றடிக்கிற மிஷின் பெருமூச்சு விட்டு ஓய்கிறது. கூரை ஓட்டை வழியே விழுகிற வெயில் டிபன் மூடிகளில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. வேலையாட்கள் பழைய டயர்கள்மேல் உட்கார்ந்து, எந்த விண்வெளித் தொடர் உசத்தி என்று அடித்துக்கொள்கிறார்கள். "நம்மதுல வாரம் ரெண்டு கிரகம் வெடிக்குது. அந்த இன்னொண்ணுல? ஒரு ரோபோ செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கு!" என்கிறார் வெல்டர். தகரம் அதிரச் சிரிக்கிறார்கள். "பெயின்டரண்ணே, நீங்க அதைத்தானே பாக்கறீங்க?" என்கிறான் ஒருவன். பாவம் மனுஷன், டிபனுக்குள் குனிந்துகொள்கிறார். செடி பூத்த அன்றைக்குக் கண்கலங்கியவர் அவர். கொட்டாவி விட்ட மனைவியை உலுக்கி உலுக்கிக் கதை சொன்னவரும் அவர்தான். "சேச்சே, அது என் பொண்டாட்டி பாக்கறது. அவளுக்கு என்ன தெரியும்!" என்கிறார். நிமிர்ந்தால், அவர் மறந்து வந்த மூக்குக்கண்ணாடியோடு வாசலில் அவளே நிற்கிறாள். சிரிப்பு அடங்குகிறது. "ஆமாண்ணே, எனக்கு அதுன்னா உசிரு. இவரு பாதியிலயே குறட்டை விட்ருவாரு" என்கிறாள் அவள், வெல்டரைப் பார்த்து. மறுபடி சிரிப்பு கிளம்புகிறது, இப்போது அவளைப் பார்த்து. கண்ணாடியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நடக்கிறாள். போட்டுக்கொண்டால் தெருமுனை வரைக்கும் அவள் முதுகு தெளிவாகத் தெரியும். பெயின்டர் அதைத் தொடவில்லை.