நடுவில் ஒரு நெருடல்

"இதுக்கு மேல இந்தக் கதவ யாராலயும் சரிபண்ண முடியாதும்மா!"

நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்தபடி சொன்னான் வேடியப்பன். எதிரே, கண்ணாடிக் கதவின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து நின்றிருந்த ரேணுகாம்பாள் தலையை ஆட்டினாள்.

"இல்லப்பா. நடுவுல நெருடுது."

அது 1984, தை மாதம். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கென்று ஆறு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள் இராமலிங்கமும் அவர் மனைவி ரேணுகாம்பாளும். அறைக்கு ஒன்றாக, மலையைப் பார்த்தாற்போல் பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக் கதவு. மெட்ராஸிலிருந்து ஆசையாக வரவழைத்து மாட்டியவை. இப்போது ஒன்றை இழுத்தால் ஆறு அறைக்கும் கேட்டது. விடியற்காலை தியானத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்துவந்து சண்டை பிடித்தார்கள். போன வாரம் இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியே விட்டார்கள்.

"முதல்ல ஒரு கதவ சரிபண்ணு. வீட்டம்மா சரின்னு சொல்லிட்டா மீதி அஞ்சும் உனக்குத்தான். வருஷா வருஷம் சர்வீசும் நீயே பண்ணு" என்று இராமலிங்கம் சொல்லியிருந்தார்.

மெட்ராஸில் அலுமினியக் கதவு செய்யும் கடையில் எட்டு வருடம் இருந்தவன் வேடியப்பன். சொந்த ஊரான கீழ்பென்னாத்தூரிலேயே பிழைத்துக்கொள்ளலாம் என்று போன மாதம்தான் குடும்பத்தோடு திரும்பியிருந்தான். வந்த பிறகு கிடைத்த முதல் வேலை இது. இதுவும் போனால் மறுபடி மெட்ராஸ் பஸ்தான். அந்தச் சந்தேகத்தில் அவன் மனைவி துணிமணிகளை இன்னும் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை.

காலையில் கதவைத் தூக்கிக் கழற்றியபோதே அவனுக்குத் தலை சுற்றியது. கீழே கதவு ஓடும் பள்ளத்தில் விரல் கனத்துக்குக் கறுப்புப் பிசுக்கு.

"என்னா சார் இது, எண்ணெய ஊத்தி வெச்சிருக்கீங்க?"

"கார்த்திகைக்கு அகல் விளக்கு அதுலதாம்பா வெப்போம். காத்துக்கு அணையாம நல்லா நிக்கும்."

"விளக்கு நிக்கும் சார். கதவும் சேந்துல்ல நின்னுபோச்சு!"

இராமலிங்கம் சிரித்துவிட்டார். வேடியப்பன் மண்ணெண்ணெய்த் துணியால் பிசுக்கை வழித்தெடுத்து, கதவின் அடியில் தேய்ந்திருந்த சக்கரங்களை மாற்றி, மெழுகுவத்தியைத் தேய்த்து, கதவை மாட்டித் தள்ளினான். வழுக்கிக்கொண்டு போனது. ரேணுகாம்பாள் வந்தாள். சட்டத்தில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை இழுத்தாள். "நெருடுது" என்றாள். மறுபடி கழற்றினான். ஒரு சக்கரத்தின் அச்சில் நீள முடி ஒன்று சுற்றியிருந்தது. எடுத்துப்போட்டு மாட்டினான். இப்போதும் அதே பதில்.

"சத்தமே வரலியேம்மா. எந்த எடத்துல?" குனிந்து பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

பதில் இல்லை.

"அம்மா, உங்களத்தான் கேக்கறேன்."

அவள் கண்ணாடி வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேடியப்பனுக்குச் சுருக்கென்றது. கூலிக்கு வந்தவன் கேட்டால் பதில்கூடச் சொல்ல மாட்டார்களா?

இராமலிங்கம்தான் அவளுக்கு முன்னால் போய் நின்று, "எந்த எடத்துலன்னு கேக்கறான்" என்றார்.

"மூணடி தாண்டினதும். சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி திரும்பிக்கொண்டாள்.

வேடியப்பன் தரையோடு தரையாகப் படுத்துப் பள்ளத்தின் பக்கத்தில் காதை வைத்தான். இராமலிங்கம் கதவை முன்னும் பின்னும் தள்ளினார். ஒரு சத்தமும் இல்லை.

"வேல குடுக்க இஷ்டமில்லன்னா நேராவே சொல்லிட்டுப் போலாம். இல்லாத குத்தத்த எதுக்குச் சொல்லணும்?" அவள் முதுகுக்குப் பின்னால் வாய்விட்டே சொல்லிவிட்டான். அவள் அசையவில்லை.

"இல்லாதத அவ சொல்ல மாட்டா. இன்னொரு வாட்டி பாருப்பா" என்றார் இராமலிங்கம் கோபப்படாமல்.

கதவை மூன்றாம் முறையாக இறக்கி வைத்தான். பள்ளத்தின் நடுவே தண்டவாளம் போல ஓடும் விளிம்பில் நகத்தை வைத்து, ஓரத்திலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டு வந்தான். ஓரடி. இரண்டடி. மூன்றடி தாண்டியதும் நகம் தட்டியது. மயிரிழை அளவுக்கு ஒரு மேடு. கண்ணுக்கே தெரியவில்லை. அடியில் ஒரு திருகாணி தளர்ந்து விளிம்பை மேலே தள்ளியிருந்தது.

வேடியப்பன் திருகாணியை முடுக்கி, மேட்டை அரத்தால் இழைத்து, கதவை மாட்டினான்.

ரேணுகாம்பாள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாம் முறை ஒரே ஒரு விரலால். அவள் முகம் மலர்ந்தது.

"இப்ப சரி. மீதி அஞ்சையும் நாளைக்கே ஆரம்பிச்சுடுப்பா. உன்ன மாதிரி சலிக்காம பாக்கறவங்க கம்மி."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். வழியனுப்ப இராமலிங்கம் கூட வர, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் கேட் வரை வந்ததும் தயங்கி நின்றான்.

"சார், கோவத்துல ஏதோ பேசிட்டேன். அம்மா மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லுங்க. எட்டு வருஷத்துல எத்தனையோ மேஸ்திரிங்களப் பாத்துட்டேன். இப்படி ஒரு காத நான் பாத்ததே இல்ல சார். தரையில காத வெச்சும் எனக்குக் கேக்காதது, நின்ன எடத்துலேருந்தே அவங்களுக்குக் கேட்டிருக்கே!"

இராமலிங்கம் கேட்டைத் திறந்துவிட்டார்.

"நீ பேசினது எதுவும் அவளுக்குத் தெரியாதுப்பா. பன்னெண்டு வருஷத்துக்கு முன்ன வந்த ஒரு ஜுரத்துல ரெண்டு காதும் போயிடுச்சு. ஆளுங்க பேசறத உதட்டப் பாத்துத் தெரிஞ்சுக்குவா, மத்ததெல்லாம் அவ கேக்கறது உள்ளங்கையாலதான்."